மாமியாருக்குப் புரியாத சீரியல்

"பெர்மெட், டீ அப்புறம் ஊத்தலாம். சீரியல் ஆரம்பிச்சாச்சு, வந்து உக்காரு."

மாமியார் துர்சுனாயின் குரல் கேட்டதும் பெர்மெட்டுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வசந்தம் வந்தால் கரக்கோல் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு. எல்லாம் ரஷ்ய மொழியில்தான் கேட்பார்கள். மலைக் கிராமத்தில் பிறந்தவளுக்கு அது வாயில் நுழையவே மறுத்தது. படிக்கலாம் என்று பார்த்தால் தினமும் இந்தத் தொல்லை.

கிர்கிஸ் வீட்டில் மருமகள் மறுபேச்சு பேச முடியுமா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டியப் பாத்து எவனுக்காவது அறிவு வளந்திருக்கா?" என்றார் மாமனார் சபீர். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் குடுத்த இலக்கணப் புத்தகத்தப் படிக்க விடேன்."

"எனக்கு ரஷ்ய பாஷை புரியலையே. யாராவது எடுத்துச் சொல்ல வேணாமா?" என்றாள் துர்சுனாய் சாந்தமாக.

சபீர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"சீரியல்ல அந்த டாக்டர் என்னம்மா கேக்குறான்?"

"வயித்து வலி எப்பலேர்ந்துன்னு கேக்குறார் அத்தை."

"அவன் பாஷையில, அவன் கேட்ட மாதிரியே சொல்லு. காதுக்கு நல்லாருக்கு."

பெர்மெட் தட்டுத் தடுமாறிச் சொல்வாள். இன்னொரு தடவை என்பாள் மாமியார். குளிர்காலம் முழுக்க இதே கதைதான்.

நேர்முகத் தேர்வில் தலைமை டாக்டர் லுத்மீலா கேட்கக் கேட்க, பதில் தானாக வந்தது. வேலையும் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரை விருந்துக்கு அழைத்தார்கள். சுடச்சுடப் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள் நிறைந்த தட்டோடு அடுப்படியிலிருந்து வந்த பெர்மெட், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாமியாரும் டாக்டரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஷ்ய மொழியில். மாமியார் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தை... உங்களுக்கு இந்தப் பாஷை தெரியுமா?"

"தையல் ஆலையில ரஷ்யக்காரிங்களோடதானே என் பாதி ஆயுசு போச்சு. தெரியும்னு சொல்லியிருந்தா, தப்பாயிடுமோன்னு நீ வாயையே தொறந்திருக்க மாட்ட."

பெர்மெட் தட்டை வைத்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி அத்தை" என்றாள்.

சபீர் கனைத்தார்.

"நன்றி நான்தாம்மா சொல்லணும், அந்த டிவிக்கு. இவ என்னைத் திட்டுறதே ரஷ்ய பாஷையிலதான். உனக்குத் தெரிஞ்சிடும்னு குளிர்காலம் பூரா ஒரு வார்த்தை திட்டல. அதான் நானும் காட்டிக் குடுக்கல."