உள்ளே வந்த போன்

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. ராணுவ வரைபடங்களைக் கையாளும் இடம் என்பதால், மாதாப்பூரின் இந்த அலுவலகத்தில் எல்லோரும் போனை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கிரி தன்னுடையதை வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் இப்போது மேசைமேல் கிடப்பது, இறந்துபோன அவன் மனைவி தாரிணியின் போன். தினமும் சார்ஜ் போட்டுச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்கிறான். அதுவும் ஒரு போன்தான் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. சற்று முன் அது அலாரம் அடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி குணசேகரன் குனிந்து திரையைப் பார்த்தபடி, உருது கலந்த தமிழில் கேட்கிறார்.

"கைக்கு, எதுக்கு தம்பி உள்ள கொண்டாந்தீங்க? உள்ள வந்தது முழுசா வெளிய போகாது. டிரில்லால ஓட்டை போட்டுருவாங்க."

"தெரியும் சார்."

"தமிழ்லயா எழுதிருக்கு? நான் லாலாகூடா ரயில்வே காலனி ஆளு. பேச வரும், படிக்க நக்கோ, வராது. நீங்களே படிங்க, ரிப்போர்ட்ல போடணும்."

"கிரி, சாப்பிட்டியா?" அலாரத்துக்குத் தாரிணி எழுதிவைத்திருந்ததை, யாருடைய பெயரையோ வாசிப்பதுபோல் படிக்கிறான்.

குணசேகரன் பேனாவைக் கீழே வைக்கிறார். "இதுல உள்ளது வேற எங்கயாச்சும் இருக்கா?"

"அவ அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டு தெரியாது சார். அவ குரல் இதுல மட்டும்தான்."

"ஹவ், புரியுது," என்கிறார் அவர், மெல்ல. போனை உறையில் போட்டுச் சிவப்பு நாடாவை ஒட்டுகிறார். ஒட்டியபின்னும் கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். உறைக்குள் அலாரம் மறுபடியும் அடிக்கிறது. யாரும் அதை நிறுத்தவில்லை. கிரி பையை இழுத்து, டப்பாவைத் திறந்து, ஆறிப்போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடத் தொடங்குகிறான்.