தினம் ஒரு படம்

"இந்த மெஷினுக்கு ஒரு பொல்லாத குணம் இருக்கும்மா. தினமும் ஒரு படமாவது பிரிண்ட் போடணும். சும்மா விட்டா இங்க் காய்ஞ்சு ஹெட் அடைச்சுக்கும்" என்றார் கடைக்காரர்.

அப்பாவோடு வந்திருந்த மகளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அவளுக்கு வேண்டியது அந்தப் பொல்லாத குணம்தான்.

அம்மா இறந்துபோனதும் அப்பா ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டார். ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்துப் படமெடுத்த மனிதர், இப்போது டிவியே கதி என்று கிடக்கிறார். கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், வேலைக்குக்கூடப் போகாமல் அவருக்குத் துணையாகத் தங்கிவிட்டாள். அவர் ஹாலில் உட்கார்ந்திருக்க, இவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அவரை நினைத்துக் கவலைப்படுவாள். இப்படியே விட்டால் மனுஷன் உருக்குலைந்து போவாரே என்று பயம். அதனால்தான் பிரிண்டர் வாங்கிப் பழைய படங்களைப் பெரிதாகப் போட்டு மாட்டலாம் என்று நச்சரித்து, அவருக்குத் தெரிந்த கடைக்கே இழுத்து வந்திருந்தாள்.

பக்கத்தில் இன்னொரு மெஷின் இருந்தது. இரண்டுமே பிக்மென்ட் இங்க், அதனால் படம் லேசில் மங்காது, இரண்டிலும் கட்டில் அகலத்துக்குத் தாள் போகும் என்றார் கடைக்காரர். ஆனால் இந்த இரண்டாவது மெஷின் மாதக்கணக்கில் தொடாவிட்டாலும் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமாம்.

அப்பாவுக்கு அதில்தான் கண். "எனக்கு இதுவே போதும். தினமும் அதுக்குத் தீனி போட யாரால முடியும்?"

அவள் விடவில்லை. இரண்டிலும் போட்டு வைத்திருந்த சாம்பிள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தினமும் ஓட்ட வேண்டியதில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, மற்றதில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். உண்மையில் அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அப்பா மோவாயைத் தடவினார். "சரி, உன் இஷ்டம். ஆனா கம்ப்யூட்டரெல்லாம் எனக்குப் பிடிபடாது. தினமும் காலையில நீதான் உட்கார்ந்து போட்டுக் குடுக்கணும். பழைய படம் எத்தனை நாளைக்கு வரும்? புதுசா படம் எடுக்கப் போறப்ப கேமரா ஸ்டாண்டைத் தூக்கிட்டு வெளிய வேற வரணும். முடியுமா?"

அவள் தயங்கினாள். வெளியே போனால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். அப்பாவுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அவர் வண்டி பேச வெளியே போனார். அவள் கடைக்காரரிடம் கார்டை நீட்டினாள். அப்பாவை எழுப்பி உட்கார வைக்கத்தான் இத்தனை பாடு என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

கடைக்காரர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பணம் நேத்தே வந்துடுச்சும்மா. அப்பாவே வந்து, கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் இதை எடுத்து வைக்கச் சொன்னாரு. 'பொண்ணு ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கறா, தினமும் வேலை வைக்கிற மெஷினா ஒண்ணு குடுங்க. நான் வேண்டாம்னு சொன்னாத்தான் அவ வேணும்பா'ன்னாரு."