கண்ணைத் திறக்காத கம்ப்யூட்டர்

ஒரு வீட்டில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இந்த வீட்டில் ராஜா கிடையாது, ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. கூடத்து மூலையில் தனி மேஜை, தூசி படாமல் தலைக்கு மேல் ஒரு துணி என்று அதுவும் ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜா கண்ணைத் திறக்கவில்லை.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். "பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்லடா. கல்லு மாதிரி கிடக்கு. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ."

தம்பி தயங்கினான். அதை வாங்கி வந்து பொருத்திக் கொடுத்தவனே அவன்தான். ஆனால் சோபா விவகாரத்துக்கு அப்புறம் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை.

விவகாரம் இதுதான். புது சோபா வந்த அன்று வாசலை அளந்து, "தாராளமா நுழையும்" என்று சொன்னது தம்பி. சோபா பாதி நுழைந்து, நட்டநடுவில் சிக்கிக்கொண்டது. அத்தான் உள்ளே மாட்டிக்கொண்டார், லாரிக்காரர்கள் வெளியே நின்றார்கள். கதவையே கழற்றி அதை உள்ளே தள்ளுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடுப்பில் அத்தான், "ஒரு வாசலை அளக்கத் தெரியல, இவனெல்லாம் இன்ஜினியர்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அவர் கூப்பிடவில்லை, இவன் வரவில்லை. ஞாயிறு என்றால் அக்கா வீடு என்று இருந்தவனுக்கு, இப்போது அந்தக் கிழமை வந்தாலே என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அத்தான் என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"கடைக்காரனைக் கூப்பிடு, உன் தம்பி வேண்டாம்னாரு. ஞாயித்துக்கிழமை எந்தக் கடைக்காரன்டா வருவான்?"

தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கூடத்தில், அதே சோபாவில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவின் ரோஜா நிறக் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். நேற்று ராத்திரியிலிருந்து அவர் கண்ணாடியைக் காணோமாம், காலையிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதற்கும் சேர்த்துத் திட்டு விழுகிறதாம். அக்கா மகள் காதோடு சொன்னாள்.

அத்தான் பேப்பரைப் பார்த்தே பேசினார். "மெக்கானிக் வந்தாச்சு போல. மேஜைக்கு அடியில ஆள் நுழையுமான்னு முதல்ல அளந்து பாத்துக்கச் சொல்லு."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். வந்தது அக்காவுக்காக.

சுவரில் ப்ளக் பாதி வெளியே வந்திருந்தது. இவ்வளவுதானா என்று அதை அழுத்திவிட்டு, பட்டனைத் தட்டினான். மூச்சில்லை.

மேஜைக்கு அடியில் தவழ்ந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டான். அங்கே இருக்கிற குட்டி ஸ்விட்ச் அணைந்திருந்தது. போட்டான். கையை எடுக்கும்போது தூசிக்குள் வேறு என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதும் ராஜா அசைந்து கொடுக்கவில்லை.

பெட்டியைத் திறந்தான். பட்டனிலிருந்து வருகிற நூல் மாதிரி ஒயர், தன் இடத்தை விட்டுக் கழன்று தொங்கியது. செருகினான். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. ராஜா கண்ணைத் திறந்துவிட்டார்.

ஒரு கோளாறு வரலாம். ஒரே ராத்திரியில் மூன்றுமா வரும்? நேராக சமையலறைக்குப் போனான்.

"அக்கா, ப்ளக்கை இழுத்து விட்டது யாரு?"

அக்கா கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். "நான்தான். வேற எப்படி உன்னை வரவைக்கிறது?"

அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, நீயுமா? நான் உள்ள ஒயரைக் கழட்டி விட்டுட்டேனே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பின்பக்க ஸ்விட்சைக் கேட்டதற்கு மட்டும் இருவரும் கையை விரித்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம்.

"நாங்க இவ்வளவு பாடுபடறோம்," என்று அக்கா பெருமூச்சு விட்டாள். "அந்த மனுஷன் ஒரு படி இறங்கி வர்றாரா பாரு."

தம்பி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தான்.

வாசலில் அவன் செருப்பை மாட்டும்போது, கதவைச் சாத்துகிற சாக்கில் அத்தான் எழுந்து வந்தார். தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"அத்தான், உங்க கண்ணாடி."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "எங்க கிடந்துச்சு?"

"சோபாவுக்கு அடியில."

"அதுக்கு ஏதுடா அடி? தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. சீப்புகூட நுழையாது."

"நான் அளந்து பாத்தேன் அத்தான். தாராளமா நுழையுது."

அத்தான் ரோஜாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், அந்தக் குட்டி ஸ்விட்சுக்கு நேர் கீழே அப்பின தூசி இன்னும் அதில் இருந்தது. சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, உள்ளே யாருக்காவது காது கேட்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, அடுத்த ஞாயித்துக்கிழமை பிரிண்டர் கெட்டுப்போகும்னு தோணுது. சாப்பிடாம வந்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.