கண்ணைச் சிமிட்டுங்கள்

கணபதி பகுதியில் ஒரு செல்போன் கடை. நடுப்பகல். சிம் கார்டுக்கு அடையாளம் சரிபார்க்க வந்த அழகிரிசாமி ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். பட்டறையில் இரும்பைத் தேய்த்துத் தேய்த்து விரல்களில் ரேகையே இல்லை. பத்து விரலையும் மெஷின் தள்ளிவிட்டது. ஆதார், அப்பன் பெயர், பழைய வீட்டு விலாசம் எல்லாம் கொடுத்தாயிற்று. இனி முகம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் நம்பர் போய்விடும். கொடுமுடியில் நிறைமாதமாக இருக்கும் மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த நம்பர் ஒன்றுதான். கடைக்காரர் ஸ்ரீனிவாஸ் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டுகிறார்.

"கண்ணைச் சிமிட்டுங்க."

தீப்பொறிக்கு முன்னால் இமைக்காமலே பழகிய கண்கள் சொன்னவுடன் அசைவதில்லை. 'உயிருள்ள நபர் இல்லை' என்று திரையில் சிவப்பாக வருகிறது.

"ஏனுங்க, செத்தவராட்ட உக்காந்திருக்கறீங்க?"

"சிமிட்டுனனுங்களே."

"மெஷினுக்குத் தெரியோணுமுங்க."

ஏழாவது தடவை ஸ்ரீனிவாஸின் கை சற்று விலகுகிறது. திரையின் பச்சைக் கட்டம் அழகிரிசாமியின் முகத்தை விட்டு நழுவி, பின்சுவரில் மாலை போட்ட படத்தில் போய் நிற்கிறது. ஸ்ரீனிவாஸின் அப்பா. எதிரே சின்னச் சிவப்பு பல்பு விட்டுவிட்டு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் படத்தின் கண்ணாடிக்குள் கண்கள் மூடுகின்றன, திறக்கின்றன. 'உயிருள்ள நபர். சரிபார்க்கப்பட்டது.'

அழகிரிசாமி மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்க்கிறார்.

"அழிச்சுப்போட்டு மறுபடி எடுக்கட்டுங்களா?" ஸ்ரீனிவாஸ் கேட்கிறார்.

"நம்பர் ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"அப்ப வேண்டாமுங்க. அவரே இருக்கட்டும்."