வாத்தியாருக்கு ஒரு ஸலாம்

மேலப்பாளையத்தில் துணி காயப்போட மாடியேறினால் எதிர்வீட்டு ஜன்னல் தெரியத்தான் செய்கிறது. கண்ணை மூடிக்கொண்டா காயப்போட முடியும்? உள்ளே மடிக்கணினி வெளிச்சத்தில் நஃபீஸத் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணத்தோடு நின்றுபோன பன்னிரண்டாம் வகுப்பை ஆன்லைனில் முடிக்கிறாள். இன்று கடைசித் தேர்வு, உயிரியல். தேறினால்தான் நர்சிங்கில் இடம். கேமராவில் வேறு முகம் மூன்றுமுறை விழுந்தால் தேர்வு ரத்து என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள். சொன்ன பிறகு தெரு சும்மா இருக்குமா? தேங்காய்த் துருவி கேட்டு வந்தவள் ஒரு முறை, அதைத் திருப்பித் தர வந்தவள் மறுமுறை எட்டிப் பார்த்தாயிற்று. நஃபீஸத்தின் மேலுதட்டில் வியர்வை வழிகிறது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து மாமியார் அக்தர் பானு தலையை நீட்டுகிறார்.

"ஏளா, அந்தப் பொட்டிக்குள்ள வாத்தியாரு ஒன்னயப் பாத்துக்கிட்டேவா இருக்காரு?"

"ஆமா மாமி. நீங்க இங்கன வந்துராதிய."

"நல்லா இருக்கே! வீடு தேடி வந்த மனுசருக்கு ஒரு ஸலாம் சொல்லாண்டாமா?"

முக்காட்டை இழுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, மருமகளின் தோளுக்கு மேலே குனிகிறார். "அஸ்ஸலாமு அலைக்கும்." திரை சிவந்து, தேர்வு ரத்து என்று எழுத்து வருகிறது. நஃபீஸத்தின் விரல்கள் விசைப்பலகை மேலேயே கிடக்கின்றன.

"என்னளா, பதிலக் காணோம்?"

"போயிட்டாரு மாமி," பல்லைக் கடிக்கிறாள் நஃபீஸத். "இனி ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவாரு."

"முன்னாலயே சொல்லிட்டு வரச் சொல்லு. வட்டலப்பம் செஞ்சு வச்சிருதேன்."