நான்கு தண்ணீர்

ஆராய்ச்சி நிலையத்து ஜா மேடம் மக்காச்சோளக் கதிரின் மட்டையை உரித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் மணிகள். ஓர் இடத்திலும் இடைவெளி இல்லை.

"அஞ்சு தண்ணி குடிச்ச பாத்திக்கும் நாலு தண்ணி குடிச்ச இந்தப் பாத்திக்கும் வித்தியாசமே இல்ல, பாருங்க. கதிர் நூல் விடுற சமயத்துத் தண்ணிய நிறுத்தியும் சுகதேவ் இப்படி வெளைய வெச்சிருக்கார்!"

வரப்பில் நின்ற நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

சுகதேவ் மேத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பாத்திக்கும் அவன் ஐந்து தண்ணீர்தான் பாய்ச்சியிருந்தான்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கிய பிப்ரவரிக் கடைசி அது. மக்காச்சோளம் நூல் விட்டிருந்தது. ஆராய்ச்சி நிலையத்தார் நட்டுவைத்த பலகை, இந்தப் பாத்திக்கு இப்போது தண்ணீர் கூடாது என்றது. இலைகளோ காலையிலேயே சுருண்டு கிடந்தன. பக்கத்துப் பாத்தியில் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இலை போடாமல் விட்டதுபோல இருந்தது அவனுக்கு. மண்வெட்டியை எடுத்து வரப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டான். ஒரே ஒரு மணி நேரம். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தான்.

அடுத்த வாரம் மேடம் வந்து, நிமிர்ந்து நின்ற பயிரைப் பார்த்து வாயாரப் பாராட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாராட்டு இனித்தது, அதுதான் உண்மை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது கூட்டம் சலசலக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த பருவம் ஊர் முழுக்க அந்த ஒரு தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று பேச்சு. "டீசலும் மிச்சம், என் இடுப்பும் மிச்சம்" என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தனை வயல்களும் பொய்த்துப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். சுகதேவ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

அதற்குள் பெண்கள் பக்கமிருந்து ராம்பரி தேவி வந்துவிட்டாள். அடுத்த நிலத்துக்காரி. புருஷன் லூதியானாவில் நூல் மில்லில் இருக்கிறான். அந்தத் துண்டு நிலத்தை இவள் ஒருத்தியாகவே பார்த்துக்கொள்கிறாள். அவள் கையிலும் ஒரு கதிர் இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து மணிகூடத் தேறாது. மற்றதெல்லாம் வெறும் சக்கை.

"அண்ணன் வயல் பலகையப் பாத்து நானும் அந்தத் தண்ணிய நிறுத்திட்டேன் மேடம். வயல் முழுக்க இப்படித்தான் பொக்கையா நிக்குது."

மேடம் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதைப்பு தள்ளிப்போனதா, மண் வேறு மாதிரியா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று தலையாட்டிய ராம்பரி, சுகதேவ் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன்னு எனக்குத் தெரியும். ஊர் முன்னாலயே சொல்லிடறேன் அண்ணே. வாடகை பம்பு வந்து நின்ன அன்னைக்கு உங்க பாத்தி மண்ணத் தொட்டுப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு. திருட்டுத் தண்ணி விட்டீங்களான்னு உங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். பனி ஈரம்னு சொன்னீங்க. நானும் நம்பி பம்ப திருப்பி அனுப்பிட்டேன். ஆனா உங்களப் போல ஒரு மனுஷன சந்தேகப்பட்டேன் பாருங்க, அந்தப் பாவம்தான் என் கதிர்ல வந்து விடிஞ்சிருக்கு. என்ன மன்னிச்சிடுங்க."

எல்லோரும் சுகதேவையே பார்த்தார்கள். மேடமும் பார்த்தார்.

அவன் வாயைத் திறந்தான்.

"போகட்டும் தங்கச்சி" என்றான். "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."