ஜெனிட்டாவின் பக்கம்

மற்ற தளங்களில் தன் மெத்தைக் கடைக்கு இணைப்பு இருந்தால் தேடலில் கடைதான் முதலில் வரும் என்று ஒருவன் சொன்னதை நம்பி, பூமிநாதன் இருநூறு இணைப்புகள் வாங்கியிருந்தான். மூன்று மாதம் அப்படியே கடை முதலில் வந்தது. பிறகு தேடலிலிருந்தே கடை காணாமல் போனது. வாங்கிய இணைப்புகள் எல்லாம் போலி, உடனே நீக்கச் சொல்லுங்கள் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். நூற்றுப்பதினேழாவது, இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவுப் பக்கம். பள்ளிச் சீருடையில் ஜெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். ‘மழை பெய்தால் எங்கள் மகள் நன்றாகத் தூங்குவாள்’ என்ற வரியில் ‘தூங்குவாள்’ மட்டும் நீல நிறத்தில் இருந்தது. அதைத் தொட்டால் அவன் கடை திறந்தது. கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தான். அவளுடைய அப்பா எடுத்தார்.

“மன்னிச்சிருங்கய்யா. இணைப்பு வித்த ஆளுகிட்ட சொல்லி என் மெத்தைக் கடை பேரை இன்னைக்கே எடுக்க வெச்சிடறேன்.”

“எடுத்துராதீங்க சார்,” என்றார் அவர் அவசரமாக. “நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்தப் பக்கத்தோட முகவரியைப் பணம் கட்டிப் புதுப்பிக்காம விட்டுட்டேன். அந்த ஆளு அதை வாங்கிட்டான். உங்களுக்கு முன்னாடி ஒரு பெயிண்ட் கடை இருந்துச்சு. அவங்க பேரை எடுத்த மறுநாளே அவன் பக்கத்தை மூடிட்டான். நீங்க வந்த அப்புறம்தான் பிள்ளை திரும்ப வந்தா.”

பூமிநாதன் திரையில் இருந்த சீருடைப் படத்தைப் பார்த்தான்.

“அவ பேரைத் தேடினா வர்றது அது ஒண்ணுதான் சார்,” என்றார். பிறகு, “கடை நல்லா ஓடுதுல்ல?” என்று கேட்டார்.